கண்ணுக்கு விருந்து, விரலுக்குப் பட்டினி

'கிரிஸ்' அழகான கேம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கட்டுரையில் யாராவது ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து அனுப்பி, "இதைப் பார்த்த பிறகும் இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?" என்று கேட்பீர்கள். பார்த்தேன். பலமுறை பார்த்தேன். பார்சிலோனா ஓவியர் கான்ராட் ரோசெட்டின் நீர்வண்ணக் கோடுகள், பெர்லினிஸ்ட் குழுவின் இசை, நொறுங்கிக் கிடக்கும் கற்சிலைப் பெண், சாம்பல் உலகத்துக்குள் சிவப்பு மை கொட்டினதுபோலப் பரவும் அந்தத் தருணம். எல்லாம் உண்மை. நோமாடா ஸ்டுடியோ 2018 டிசம்பரில் வெளியிட்ட இந்த கேமை எந்த நொடியில் நிறுத்தினாலும் அந்த ஃபிரேமைச் சுவரில் மாட்டலாம்.

என் புகாரும் அதுதான். எந்த நொடியில் நிறுத்தினாலும் எதுவும் கெட்டுப்போவதில்லை.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம். பிளாட்ஃபார்மர் என்றால் மேரியோ வகை: ஓடு, தாவு, விழாமல் அடுத்த மேடைக்குப் போ. இங்கே மேரியோவுக்குப் பதில் கிரிஸ் என்ற பெண். குரலை இழக்கிறாள், அவளைத் தாங்கிக்கொண்டிருந்த சிலையின் கை உடைகிறது, கீழே விழுகிறாள். உலகத்தில் நிறமே இல்லை. ஸ்பானிஷ் மொழியில் கிரிஸ் என்றால் சாம்பல் நிறம். ஒவ்வொரு பகுதியைக் கடக்கும்போதும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒரு நிறம் திரும்புகிறது. கூடவே அவளுக்கு ஒரு திறமையும் சேர்கிறது. உடை கனத்த கட்டியாக மாறும், காற்றிலேயே இன்னொரு தாவல் தாவும், தண்ணீருக்குள் மீன்போல வழுக்கும், கடைசியில் குரல் வந்து பாடுவாள். சாவு கிடையாது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒரு கீறல் விழாது. மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். துக்கத்தைப் பற்றிய கேம் என்பதில் சந்தேகமே வேண்டாம்; மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளின் பெயரையும் அச்சீவ்மென்ட்டுகளாகவே வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த மூன்று மணி நேரத்தில் கட்டைவிரல் என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு முறை திரையை மறந்து விரலை மட்டும் கவனித்தேன். வலது பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு தாவல். ஓர் ஒளிப்புள்ளியைப் பொறுக்குகிறோம். மறுபடி வலது. இன்னொரு ஒளிப்புள்ளி. போதுமான புள்ளிகள் சேர்ந்தால் அவை நட்சத்திரக்கூட்டமாகிப் பாலம் போடும். பாலத்தில் ஏறி வலது. சாவியைப் பொறுக்கிக் கதவைத் திற என்ற நாற்பது வருடப் பழைய வேலைக்கு நட்சத்திர வேடம், அவ்வளவுதான்.

சிவப்புப் பாலைவனத்தில் புயல் வீசும். புயல் வரும்போது கட்டியாகி நில், ஓய்ந்தால் நட. பார்க்க எத்தனை பிரமாதம்! மணல் திரையையே மூடுகிறது, உடை படபடக்கிறது. விரலுக்கு இது போக்குவரத்து சிக்னல். சிவப்பு விளக்கு எரிந்தால் நில், பச்சை எரிந்தால் போ. தண்ணீருக்கடியில் கருப்பு விலாங்கு ஒன்று துரத்துகிறது. இசை எகிறுகிறது, கேமரா அலறுகிறது. ஆனால் சாவே இல்லாத கேமில் அந்த விலாங்கால் என்ன பண்ண முடியும்? பயப்படும் வேலையைத் திரையே நமக்காகப் பார்த்துக்கொள்கிறது.

நல்ல யோசனைகளே இல்லையா? இருக்கின்றன. அதுதான் எரிச்சல். உலகம் தலைகீழாகும் ஓர் இடம் வரும். மேலே தாவினால் கீழே விழுவோம். அதை வைத்து மட்டுமே ஒரு முழு கேம் செய்யலாம். இங்கே கொஞ்ச நேரத்தில் கைகழுவிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். ஏனென்றால் அடுத்த காட்சி இன்னும் அழகாக இருக்கிறது. ஒரு விதியைக் கற்றுக்கொடுத்து, அதை முறுக்கி, இன்னொரு விதியோடு மோதவிட்டு, "இப்போ என்ன செய்வே?" என்று கேட்பதுதான் பிளாட்ஃபார்மரின் இலக்கணம். 1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸின் முதல் லெவலே இதை ஓரிரு நிமிடத்தில் செய்துவிடும். கிரிஸ் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

சினிமா பார்த்துவிட்டு வருகிறவரிடம் "படம் எப்படி?" என்று கேட்டால் "கேமரா ஒர்க் நல்லா இருக்கு" என்பாரே, அப்போதே நமக்கு விஷயம் புரிந்துவிடும். கேம் விஷயத்தில் மட்டும் அதே வாக்கியத்தை உச்சபட்சப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்த நோய் புதிது இல்லை. 1989-இல் அமிகா கணினிக்கு 'ஷேடோ ஆஃப் த பீஸ்ட்' என்று ஒரு கேம் வந்தது. மேகம், மலை, புல், வேலி என்று பின்னணி அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் நகரும். அந்தக் காலத்துக்கு அது மாயாஜாலம். விளையாட உட்கார்ந்தால் குத்து, நட, செத்துப்போ. ஆனால் அன்றைக்கு ஒரு சௌகரியம் இருந்தது. "பார்க்க சூப்பர், விளையாட மொக்கை" என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கினவனுக்கு அந்த உரிமை இருந்தது. கிரிஸ் மாதிரியான கேமைப் பற்றி அதே வாக்கியத்தைச் சொன்னால், சொன்னவனுக்கு இதயம் இல்லை என்றாகிவிடுகிறது. "இது துக்கத்தைப் பற்றியது. இதில் போய் கேம்ப்ளே தேடலாமா?" துக்கம் இங்கே விமர்சனத்துக்கு எதிரான கவசமாகிவிட்டது. எனக்குக் கோபம் கேமின் மேல் பாதி என்றால் இந்தக் கவசத்தின் மேல் மீதி.

துக்கத்தைப் பற்றியது என்பதால்தான் கேம்ப்ளேயைத் தேட வேண்டியிருக்கிறது.

என் அப்பா இறந்த சமயம். போனில் ஃபேவரிட்ஸ் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. சாயங்காலம் ஆஃபீஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கட்டைவிரல் தானாக அங்கே போகும். வருடக்கணக்காக அப்படித்தான். அவர் போன பிறகும் போனது. காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழ் வாங்கி, பென்ஷன் ஆஃபீசுக்கு நடந்து, எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்ட பிறகும் போனது. மூளைக்குத் தெரிந்துவிட்ட விஷயம் கட்டைவிரலுக்குத் தெரிய ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்தில் என் உலகத்தின் நிறம் ஒன்றும் மாறவில்லை. பஸ் அதே நீலத்தில்தான் இருந்தது. மாறியது கையின் பழக்கத்துக்கும் உலகத்துக்கும் இடையில் இருந்த பொருத்தம். கை நீட்டிய இடத்தில் ஆள் இல்லை.

பழக்கத்தைக் கட்டைவிரலில் ஏற்றுவது வீடியோ கேம் மாதிரி வேறெந்தக் கலைக்கும் கைவராத வித்தை. நாவல் செய்யாது, சினிமா செய்யாது. இருபது மணி நேரம் ஒரு பட்டனை அழுத்தவைத்து, அதை யோசிக்காமல் செய்யும் காரியமாக்கி, பிறகு அந்தப் பட்டனைப் பிடுங்கிக்கொள்ள கேமால் முடியும். இழப்பைச் சொல்ல இப்படியொரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கிரிஸ் என்ன செய்கிறது? கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு திறமை, இன்னொரு திறமை, ஒரு நிறம், இன்னொரு நிறம். இழப்பைப் பற்றிய கேமில் விளையாடுகிறவனின் கையிலிருந்து ஒரு முறைகூட எதுவும் பறிபோவதில்லை. ஏணியில் ஏறுகிறோம், ஏணியின் படிகளுக்குத் துக்கத்தின் ஐந்து நிலைகள் என்று பெயர். (போகிறபோக்கில் ஒன்று: எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளை எழுதியது தன் சாவை எதிர்கொள்ளும் நோயாளிகளைப் பார்த்து. பறிகொடுத்தவர்களின் படிக்கட்டாக அது பிற்பாடுதான் பிரபலமானது.)

இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கிரிஸின் ஆரம்ப நிமிடங்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். விழுந்து எழுந்தவள் மெதுவாக நடக்கிறாள். நீங்கள் வழக்கம்போலத் தாவல் பட்டனை அழுத்துகிறீர்கள். அவள் தாவவில்லை, முழங்கால் மடிந்து உட்காருகிறாள். மறுபடி அழுத்துகிறீர்கள், மறுபடியும் சரிகிறாள். முப்பது வருடமாகத் தாவிப் பழகிய விரலுக்குக் கிடைக்கும் அந்த ஏமாற்றம்தான் இந்த கேம் துக்கத்தைப் பற்றிச் சொல்லும் ஒரே உண்மையான வாக்கியம். நீர்வண்ணம் தேவைப்படாத வாக்கியம். சீக்கிரமே தாவல் திரும்பிவிடுகிறது, அப்புறம் அந்த வாக்கியம் வரவே இல்லை.

2013-இல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' பற்றிச் சொல்ல வேண்டும். இனி முடிவைச் சொல்லப் போகிறேன், விளையாடாதவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம். அண்ணன், தம்பி. கண்ட்ரோலரின் இடது பாதி அண்ணன், வலது பாதி தம்பி. முதல் அரைமணி நேரம் இரண்டு பேரும் தலைக்கொரு பக்கம் முட்டிக்கொள்வார்கள். பிறகு இரண்டு கைகளும் ஒத்துப்போகக் கற்றுக்கொள்ளும். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பான். கடைசியில் அண்ணன் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு உங்கள் இடதுகை சும்மா கிடக்கிறது. கண்ட்ரோலரைப் பிடித்திருக்கிறது, ஆனால் வேலை இல்லை. தம்பி தனியாகத் தண்ணீர் முன்னால் வந்து நிற்கிறான். அவனுடைய பட்டனை அழுத்தினால் இறங்க மாட்டேன் என்கிறான். என்ன செய்வதென்று தெரியாமல் நீங்கள் இடதுகையின் பட்டனை, செத்துப்போன அண்ணனின் பட்டனை, அழுத்துகிறீர்கள். தம்பி நீந்துகிறான்.

அந்த கேமின் ஓவியங்கள் பரவாயில்லை ரகம்தான். வசனம் புரியாத ஒரு கற்பனை மொழியில். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. கலங்கவைத்தது இடது ஆள்காட்டி விரல்.

"அது சாகச கேம், பிளாட்ஃபார்மரில் இதெல்லாம் முடியுமா?" என்று கேட்கலாம். கிரிஸ் வந்த அதே 2018-இல், ஜனவரியில், 'செலஸ்ட்' வந்தது. தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சமூகத் தாக்கத்துக்கான கேம் விருதை 2018-இல் செலஸ்ட்டும் 2019-இல் கிரிஸும் வாங்கின. இரண்டும் மனதின் வலியைப் பற்றியவை, இரண்டிலும் ஒரு பெண் தாவித் தாவி மேலே போகிறாள். ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

செலஸ்ட்டின் படம் 320-க்கு 180 பிக்சல். அதன் முதல் வடிவத்தை மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் பிகோ-8 என்ற பொம்மைக் கணினியில் நான்கு நாளில் செய்தார்கள். 128-க்கு 128 பிக்சல், பதினாறு நிறம். நாயகி கட்டம் கட்டமான ஒரு பொட்டு. சுவரில் மாட்ட ஒன்றும் தேறாது. ஆனால் அந்தப் பொட்டு தாவும் தாவலை விரலால் ருசிக்கலாம்.

அது எப்படி என்பது என் தொழில் சார்ந்த சந்தோஷம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். செலஸ்ட் நாயகியை இயக்கும் நிரல் பொதுவெளியில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான வரிகள். வாசித்தால் பெரும்பாதி கருணை. மேடையின் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் 0.1 விநாடிக்குள் தாவல் பட்டனை அழுத்தினால் தாவல் செல்லும். கார்ட்டூனில் பள்ளத்தாக்கைத் தாண்டி ஓடிவந்து, கீழே பார்க்கும்வரை விழாமல் அந்தரத்தில் நிற்கும் அந்த ஓநாயின் ஞாபகமாக இதற்குக் 'கயோட்டி டைம்' என்று பெயர். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே அவசரப்பட்டு அழுத்திவிட்டாலும் அந்த அழுத்தலை நினைவில் வைத்திருந்து, கால் பட்டதும் தாவவைக்கும். தாவும்போது மேலே ஏதாவது மூலையில் தலை இரண்டு மூன்று பிக்சல் இடித்தால், சத்தமில்லாமல் அவளைப் பக்கவாட்டில் நகர்த்திவிடும். தாவலின் உச்சியில், பட்டனை விடாமல் பிடித்திருந்தால், ஈர்ப்பு விசை பாதியாகும். இது எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டில் வராது, டிரைலரில் வராது. "நீ நினைத்ததைத்தான் செய்தாய், நான் பார்த்தேன்" என்று கேம் விரலிடம் ரகசியமாகச் சொல்கிறது. நூற்றுக்கணக்கான முறை சாகவைக்கும் ஒரு கேமை மக்கள் அன்பான கேம் என்று சொல்வதற்குக் காரணம் இந்த வரிகள்.

இனி வலிக்கு வருவோம். நாயகி மேட்லினுக்கு ரோப் காரில் பதற்றம் வந்து மூச்சு முட்டுகிறது. தியோ என்ற நண்பன் ஓர் இறகைக் கற்பனை பண்ணச் சொல்கிறான். திரையில் ஓர் இறகு. பட்டனை அழுத்தியும் விட்டும் அது கீழே விழாமல் மிதக்கவைக்க வேண்டும். உங்கள் மூச்சும் அதே தாளத்துக்கு வந்துவிடும். பிற்பாடு தன் இருண்ட பாதியை எதிர்கொள்ளும்போது மேட்லின் அதே இறகை வரவழைக்கிறாள். இருண்ட பாதி அந்த இறகை வெட்டிவிடுகிறது. கற்றுக்கொடுத்த ஆறுதல் கையிலேயே உடைகிறது. மலையின் அடிவாரத்துக்கே விழுகிறாள். பிறகு அந்தப் பாதியோடு சண்டையை நிறுத்தி, பேசி, சேர்த்துக்கொள்கிறாள். அதை வசனமும் சொல்கிறது. விரலுக்கு அதன் அர்த்தம் வேறு: அதுவரை காற்றில் ஒருமுறைதான் பாய முடியும், இப்போது இரண்டு முறை பாயலாம். தன்னோடு சமாதானமாவது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கவிஞரும் எனக்குச் சொன்னதில்லை. அதோடு உச்சிக்கு ஏறும் கடைசிப் பயணத்தில் பழைய இடங்களையெல்லாம் மறுபடி கடக்கும்போது, முன்பு கஷ்டப்பட்ட தூரங்களைப் பறந்து தாண்டுவோம்.

"உனக்குக் கஷ்டமான கேம்தான் பிடிக்கும் போல" என்ற பதில் வரும். வந்திருக்கிறது. இல்லை. 2012-இன் 'ஜர்னி' கிரிஸைப் போலவே சாவு இல்லாதது, கிரிஸைவிடச் சுலபமானது, அழகிலும் சளைத்ததில்லை. ஆனால் அங்கே உங்கள் கழுத்துத் துணியின் நீளம்தான் நீங்கள் பறக்கக்கூடிய நேரம். கல் பறவை போன்ற அந்தக் காவல் இயந்திரம் தாக்கினால் துணி கிழிந்து குட்டையாகும். பனிமலையில் துணி உறைந்துபோகிறது, ஸ்டிக்கை முழுசாக முன்னால் தள்ளியும் கால் நகர மறுக்கிறது. சாகாமலே இழக்கிறோம். மணற்சரிவில் சறுக்கின அதே கட்டைவிரலுக்கு அந்தப் பனியின் கனம் தெரியும்.

இன்னொரு வாதம் கொஞ்சம் நியாயமானது: கேமே ஆடாத எத்தனையோ பேர் கிரிஸை முடித்திருக்கிறார்கள், அது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் எளிமைக்கு வேறு வழிகளும் உண்டு. செலஸ்ட்டில் உதவிமுறை இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கலாம், சாவையே நிறுத்திவைக்கலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். செய்ய வேண்டியதை வைத்துக்கொண்டு அதைச் செய்ய உதவுவது ஒன்று. செய்ய வேண்டியதையே எடுத்துவிடுவது இன்னொன்று. நோட்ஸ் போட்டுக் கொடுக்கும் வாத்தியாருக்கும், பரீட்சையே வேண்டாம் வீட்டுக்குப் போ என்கிற வாத்தியாருக்கும் உள்ள வித்தியாசம்.

இலக்கியம் வாசிக்கிற நம்மிடம் ஒரு வார்த்தை. கிரிஸ் நம் வட்டத்தில் கொண்டாடப்பட்டதற்குக் காரணம் நம் தாழ்வு மனப்பான்மை என்று நினைக்கிறேன். வீட்டில், ஆஃபீசில், நண்பர்கள் மத்தியில் "இந்த வயசுல கேம் ஆடறியா?" என்ற கேள்விக்குப் பதிலாகக் காட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் தேவைப்படுகிறது. 'பார், இதுவும் ஓவியம்தான்.' ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற கலைகளின் சாயல் தெரிந்தால் உடனே கேம் கலையாகிவிட்டது என்று அறிவிக்கிறோம். ஒரு நாவலை அட்டைப்படத்துக்காகப் பாராட்டினால் எழுதியவர் சண்டைக்கு வருவார். படிமம் படிமமாக அடுக்கி, படிமங்களுக்கு இடையில் ஒன்றுமே நடக்காத கவிதையை நாமே எத்தனை முறை கிழித்திருக்கிறோம்! அந்தக் கறார் கண்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் எங்கே போகிறது? எழுத்தில் மொழியைக் கேட்கிறோம், சினிமாவில் காட்சி மொழியைக் கேட்கிறோம். கேமில் மட்டும் அதன் மொழியைக் கேட்காமல் வால்பேப்பரைக் கேட்கிறோம்.

என் தொழிலில் டெமோவுக்கென்றே செய்த மென்பொருள் என்று ஒரு ரகம் உண்டு. மீட்டிங்கில் எல்லோரும் கைதட்டுவார்கள். யாரும் எதையும் அழுத்திப் பார்க்காதவரை அது பிரமாதமாக ஓடும்.

நோமாடா ஸ்டுடியோவின் அடுத்த கேம் 'நெவா' 2024-இல் வந்தது. அதே பார்சிலோனா, அதே ரோசெட், அதே பெர்லினிஸ்ட், நிறங்கள் இன்னும் ஒரு படி மேலே. ஆனால் இம்முறை நாயகி ஆல்பா கையில் வாள் இருக்கிறது, அடி வாங்குகிறாள், சாகிறாள். சாக விருப்பமில்லாதவர்களுக்குக் கதைமுறை தனியாக இருக்கிறது. அவளோடு நெவா என்ற ஓநாய்க்குட்டி. முதலில் பயந்து பின்தங்கும், தாவத் தயங்கி விளிம்பில் நிற்கும், போய்த் தடவிக் கொடுக்க வேண்டும். பருவங்கள் மாற மாற வளர்ந்து பக்கத்தில் நின்று சண்டை போடும். சண்டை கிரிஸ் ரசிகர்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கு அதில் முக்கியமாகப்பட்டது வாள் இல்லை. நெவாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு தனி பட்டன் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான நேரம் அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. குட்டி பக்கத்திலேயேதான் இருக்கிறது. ஆனாலும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.